பதினைந்து காலி வட்டங்கள்

எங்கள் அலுவலகத்தில் ஞானசௌந்தரி அக்காவை மணி அடித்துத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை அடித்தால் டீ, இரண்டு முறை அடித்தால் பைல். பதினோரு வருடமாக இங்கிலீஷ் கடிதங்களை மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு நடக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தூக்குவது அவமானமாக இருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் சிவப்ரியா, அதே அலுவலகத்தில் கிளார்க், அவரைவிடப் பதினாறு வயது சின்னவள். காரைக்கால் டவுனிலேயே பிறந்து கான்வென்ட்டில் படித்தவள். எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைநிலை ஊழியர்கள் கிளார்க் ஆக ஒரு இலாகா தேர்வு உண்டு. நூறு கேள்வி, ஐம்பது எடுத்தால் பாஸ். மூன்று தப்புக்கு ஒரு மார்க் கழிப்பார்கள். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். முதல்முறை எழுதியபோது அறுபத்தொன்று சரி, முப்பத்தொன்பது தப்பு. கழித்தது போக நாற்பத்தெட்டு. விடைத்தாளில் ஒரு வட்டத்தைக்கூட விடாமல் நூறையும் நிரப்பிவிட்டு வந்திருந்தார்.

"தெரியாததுல ஒரு பத்தை விட்டிருந்தா பாஸாகியிருப்பீங்களே அக்கா! யாரு உங்களை எல்லாத்தையும் நிரப்பச் சொன்னது?" என்று கத்தினேன்.

"கை கேக்கலம்மா. வெறும் எடமா விட்டுட்டு எப்படி எந்திரிச்சு வர்றது?" என்றார்.

அவர் நெடுங்காடு கிராமத்துக்காரர். பதினான்கு வயதிலிருந்து நடவு நட்டவர். இன்றைக்கும் வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் சனி, ஞாயிறு அவரை வயலில்தான் பார்க்கலாம். குனிந்து பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டு நடுவார்கள். நடுவில் இடம் விட்டுப்போனால் அதற்குச் சொட்டை என்று பெயர். நடவுக் கூட்டத்துத் தலைவி காசியம்மா வரப்பில் நின்று பார்ப்பாராம். சொட்டை தெரிந்தால், கால் கழுவிக் கரையேறியவளாக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மறுபடி சேற்றில் இறக்கிவிடுவார். முப்பது வருடத்தில் தன் பெயரைக் காசியம்மா அப்படிக் கூப்பிட்டதே இல்லை என்பதில் அக்காவுக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த தேர்வுதான் கடைசி. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும். அதனால் நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று இறங்கினேன். ரெக்கார்டு ரூமில் மதியச் சாப்பாட்டு நேரம்தான் வகுப்பு. அவர் டிபன் பாக்ஸில் பாதி, என்னுடையதில் பாதி, நடுவில் இலக்கணப் புத்தகம்.

போன தடவை அவரைக் கவிழ்த்தது ஜெரண்ட், பார்ட்டிசிபிள், இன்பினிடிவ் மூன்றும்தான். "ரன்னிங் இஸ் குட்னா அது ஜெரண்ட். ரன்னிங் வாட்டர்னா பார்ட்டிசிபிள்" என்று சொன்னேன். ரெண்டிலேயும் அதே ரன்னிங்தானே என்றார். சொன்னேன், மறுபடி சொன்னேன், மூன்றாம் நாள் புத்தகத்தை மேசைமேல் அடித்தேன். அவர் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் அவரே சொன்னார். "நாத்தங்கால்ல நிக்கிறப்ப நாத்துங்கிறோம். பிடுங்கி வயல்ல நட்டுட்டா பயிருங்கிறோம். செடி ஒண்ணுதானே? எங்க நிக்குதுன்னு பாத்தாதான் பேரு தெரியும். இதுவும் அப்படித்தானம்மா?"

அப்படித்தான். என் கான்வென்ட் டீச்சர் இரண்டு வருடம் சொல்லியும் எனக்கு விளங்காத விஷயம் அது. அன்றிலிருந்து அவர் தேடித்தேடிப் பிடித்தார். சர்க்குலரில், பிஸ்கட் பாக்கெட்டில், பஸ் ஸ்டாண்ட் போர்டில். "இங்க பெயர்ச்சொல்லு வேலை செய்யுது, ஜெரண்ட்டு" என்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வருவார்.

இன்பினிடிவுக்கு வரும்போது தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "அதுல ஒண்ணோ ரெண்டோ கேள்விதான் வரும், விட்டுடுங்க" என்று அந்தப் பாடத்தைத் தாண்டினேன். மிச்ச நாளெல்லாம் ஒரே ஒரு பயிற்சி கொடுத்தேன்: சந்தேகம் வந்தால் விடு. மாதிரித் தாளில் அவர் உத்தேசமாக நிரப்பிய ஒவ்வொரு வட்டத்தையும் சிவப்பு மையால் சுழித்தேன். சரியாக இருந்தாலும் சுழித்தேன். "நல்லாத் தெரியுமா? சத்தியமாத் தெரியுமா?" என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் தெரிந்ததற்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வட்டத்தில் பேனாவை வைத்தார். அதை நான் முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு முடிந்து பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"பதினஞ்சு எடம் விட்டுட்டு வந்துட்டேம்மா" என்றார்.

"சபாஷ்!" என்றேன் நான்.

பத்து நாள் கழித்து அவருடைய விடைத்தாளும் சரியான விடைகளும் இணையத்தில் வந்தன. ரெக்கார்டு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். ஐம்பத்தெட்டு சரி. இருபத்தேழு தப்பு, அதற்கு ஒன்பது போனது. நாற்பத்தொன்பது.

நான் திரும்பக் கூட்டினேன். நாற்பத்தொன்பதுதான்.

அப்புறம்தான் அவருடைய கேள்வித்தாளைக் கவனித்தேன். விட்டுவிட்ட பதினைந்து கேள்விகளிலும், அவர் மனதுக்குப் பட்ட விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். ஒன்பது சரி, ஆறு தப்பு. அவர் கை சொன்னபடி நிரப்பியிருந்தால் ஐம்பத்தாறு வாங்கியிருப்பார். முதல் தேர்வில் இருந்த அக்கா இல்லை இவர். பதினைந்தில் ஒன்பது தெரிந்தவர். அவருக்குத் தெரியும் என்று நம்பாதவள் நான் ஒருத்திதான்.

மறைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. மறைக்கவில்லை. சொல்லிவிட்டு அழுதேன். அவர் அழவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். வெளியே இரண்டு முறை மணி அடித்தது, போய்விட்டார்.

மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று மதியம் என் மேசையிலேயே சாப்பிட உட்கார்ந்தேன். அவர் வந்து என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். இலக்கணப் புத்தகம் பிரித்து வைத்திருந்தது, நாங்கள் தாண்டிவிட்ட பக்கத்தில்.

"இந்த இன்பினிடிவ் பாக்கி இருக்கே. சொல்லுங்க" என்றார்.

"இனிமே பரீட்சையே இல்லையே அக்கா. எதுக்கு?"

"பரீட்சை போயிட்டுதுன்னா? நடுவுல சொட்டையா கெடக்குதுல்ல. கரையேறினாலும் எறங்கி நட்டுட்டுதானே போகணும்?"

பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளினார். நான் பயிற்சியின் முதல் வாக்கியத்தைப் படித்தேன். விடையைச் சொல்லிவிட்டு இந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.