பனங்களியில் தோய்த்த நாப்பி

வெளிநாட்டில் இருக்கும் என் மகள் போன கிழமை ஒரு கடைக்குள் நின்றபடியே எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அவளுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. "அம்மா, இலைப்படம் போட்ட கடதாசி நாப்பியும் இருக்கு, துணி நாப்பியும் இருக்கு. எது சூழலுக்குக் கேடில்லாதது?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல? "உனக்குக் கட்டின நாப்பியை மாடே திண்டது. அதைவிடச் சூழலுக்கு நல்லதாய் எங்கை தேடப் போறாய்?" என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்துகொண்டிருந்தோம். போர்த் தடை போட்டு எங்கள் பக்கம் வர விடாத சாமான்களில் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமும் ஒன்று. தப்பித் தவறி வந்தாலும் யானை விலை. அதனால் ஊரே பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தது. அழுக்குப் போகும், அதை மறுக்கமாட்டேன். கட்டிப் பழசான சாரத்தைக் கிழித்து எடுத்த நாப்பிகளை நானும் அதில்தான் தோய்த்தேன்.

பிள்ளைக்கு இரண்டு மாதமானபோது தொடையிடுக்கு சிவந்து தோல் உரியத் தொடங்கியது. சலம் போகிற ஒவ்வொரு தடவையும் வீரிட்டு அழுவாள். புண்ணில் பட்டு எரிகிறது என்று சொல்லவா வேண்டும்? பக்கத்து வளவில் மாடு வளர்த்த அக்கா மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பால் குடுக்கிற பொம்பள கத்திரிக்கா திங்கலாமா தங்கச்சி? புள்ளைக்குக் கரப்பான் வந்துராது?" என்றார். கத்தரிக்காயை விட்டேன், அழுகை விடவில்லை. என் புருசன், இவர், வெக்கைதான் காரணம் என்றார். மருந்தெடுக்கப் போன இடத்தில் "துப்பரவாய் வைச்சிருங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். எதைக் கொண்டு துப்பரவாக்குவது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மச்சாள் வெளிநாட்டில் இருந்து ஒரு பொதி அனுப்பியிருந்தார், முழுக்கக் கடதாசி நாப்பி. கொண்டு வந்தவர் வவுனியாவில் ஆமிச் சோதனையில் ஒவ்வொன்றையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள் என்று அலுத்துக்கொண்டார். கட்டிப் பார்த்தேன். நாலைந்து நாளில் சிவப்பு அடங்கியது! எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. துணிகளையெல்லாம் அடுப்படிப் பிடிதுணி ஆக்கிவிட்டேன். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதைதான்.

கட்டியதை எங்கே போடுவது? எரித்தால் ஈரத்தில் புகைந்து நாறியது. வாழையடியில் தாட்டால் நாய் கிண்டி முற்றம் முழுக்க இழுத்துப் போட்டது. பொதி குறையக் குறையப் பயம் வந்து, ஒன்றைத் தோய்த்துக் காயப்போடலாம் என்று தண்ணீரில் நனைத்துப் பிசைந்தேன். அது வெடித்துச் சவ்வரிசிக் கஞ்சி போல கையெல்லாம் வழிந்தது. "இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு இதையோ கட்டி வைச்சிருந்தனான்?" என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மணந்து பார்த்துவிட்டுக் கை கழுவத் தண்ணீர் அள்ளப் போனார்.

பொதி முடிந்தது. பிடிதுணிகள் திரும்ப நாப்பியாயின. புண்ணும் திரும்பி வந்தது. ஒரு நாள் காலை துணி காயப்போட்ட கொடிப்பக்கம் போனால், அக்காவின் மாடு வாயில் ஒரு நாப்பியின் முனை தொங்க நின்று அசைபோடுகிறது. "களி வாசத்துக்கு வந்திருக்கு தங்கச்சி, வைக்கோலும் இதுவும் அதுக்கு ஒண்ணுதான்" என்று அக்கா சிரித்தார். மிச்சத் துணியைப் பறித்துப் பார்த்தேன். மொறமொறவென்று விறைத்திருந்தது, மடிப்புக்குள் சிற்றெறும்பு ஊர்ந்தது. அப்படியானால் புண்ணுக்குக் காரணம் அலசுப்படாமல் துணியில் காய்ந்து ஒட்டிய களிதானா? "எம் புள்ளைங்களுக்கும் இதுலதானே தோய்ச்சுப் போட்டேன், ஒரு பொட்டு வரலியே" என்றார் அக்கா. தெளிந்த தண்ணீரைத் திரும்பக் கலக்கிவிட்டார்.

இனி ஒன்றொன்றாய்ச் செய்து பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாய்ச் செய்தேன். களியை நிறுத்தி, சாம்பல் தண்ணீரில் துணிகளை அவித்துப் பலமுறை அலசினேன். கத்தரிக்காய் இல்லை, கருவாடும் இல்லை. தேங்காயெண்ணெய் பூசினேன். பகலில் நாப்பியே கட்டாமல் பாயில் விட்டேன். வீடு முழுக்க ஈரம், மூத்திர மணம். எனக்கோ எது சரியென்ற நிச்சயம் துளியும் இல்லை.

ஒரு பின்னேரம் இவர் வயலால் வந்து, குளித்து, மாற்றிக் கட்டிய சாரத்தோடு பிள்ளையை மடியில் வைத்திருந்தார். மடி நனைவதைக் கண்டு, வழக்கமான அழுகைக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. அவருடைய மோவாயைப் பார்த்துக்கொண்டு காலை ஆட்டினாள். அழுதது நான்தான்.

"சுகமாகிட்டுதெல்லே, பிறகேன் அழுகிறாய்?" என்றார்.

"எதாலை சுகமானதெண்டு எனக்குத் தெரியேல்லை. நாளைக்குத் திரும்ப வந்தா நான் எதைச் செய்யிறது?"

பிள்ளை முழுக்கப் பெய்து முடியும்வரை அவர் அசையாமல் இருந்தார்.