கோட்டை வாசலில் ஹேமாவதி

சின்னமனூர் கடைவீதியில் சுந்தரலிங்கத்தின் உரக்கடைக்குப் போகிறவர்கள் மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி ஹேமாவதியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "இது வாழைக்குக் கேக்குமாத்தா?" என்று ஒருவர் டப்பாவைத் தூக்கிக் காட்டுவார். "நல்லாக் கேக்கும்ணே" என்று அவள் வாய் சொல்லும். வாய் சொல்லி என்ன செய்ய? ஒரு புருவம் மேலே ஏறி, மூக்கு லேசாகச் சுருங்கி, அந்த மருந்தின் யோக்கியதை முழுக்க முகத்தில் வந்து நிற்கும். வந்தவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வேற குடு" என்பார். சுந்தரலிங்கம் தலையில் அடித்துக்கொள்வான். "கல்லாவுல உக்காரு, வேணாங்கல. மூஞ்சிய மட்டும் வீட்ல வச்சிட்டு வா" என்பான்.

முகத்தை மறைக்க அவளுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். பொட்டிப்புரத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அடுத்தவர் தோட்டத்தில் மாங்காய் பறிப்பது தம்பி விஜயபாண்டி, அடி வாங்குவது இவள். அவன் ஒன்றும் தெரியாதவன் போல நிற்பான். அப்பா இவளை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். யார் தோட்டம், எந்த மரம் என்பதுவரை எல்லாம் வெளியே வந்துவிடும். அடி வாங்கிவிட்டு வந்து தம்பி பறித்த மாங்காயில் பாதியைத் தின்பாள். அவன்மேல் ஒருநாளும் அவளுக்குக் கோபம் வந்ததில்லை.

அப்பா முதலில் போனார். இவள் கல்யாணமாகி வந்த மறுவருஷம் அம்மாவும் போனாள். பிறகு பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு விஜயபாண்டி ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு உடன்பிறந்தவன் என்றால் என்ன என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் பிள்ளைக்குக் காது குத்த அவன் மடி வேண்டும். பெண் பெரியவளானால் பச்சை ஓலைக் குடிசை கட்ட அவன் கை வேண்டும். கொட்டுமேளத்தோடு சீர் சுமந்து அவன் வரும் தோரணையைப் பார்த்துத்தான் புகுந்த வீட்டு ஆட்கள் இவளோடு பேசும் பேச்சையே அமைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தம்பி பன்னிரண்டாவது முடித்துவிட்டு, சென்னைக்குப் போய் அனிமேஷன் படிக்கிறேன் என்றபோது பங்காளிகள் எல்லோரும் சிரித்தார்கள். பொம்மை போடவா படிப்பு என்றார்கள். ஹேமாவதிதான் சின்னமனூரிலிருந்து பஸ் ஏறிப் போய் அத்தனை பேரோடும் சண்டை போட்டாள். "அவனுக்கு எது வருதோ அதப் படிக்கட்டும். நீங்க யாரு நடுவுல?" என்று அவள் கத்தியபோது எதிரே நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டே பேச்சை நிறுத்தினார்கள். அவன் படித்தான். சென்னையில் வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தான்.

அங்கே அவன் வேலை முகம் செய்வது. ராஜா ராணி, மந்திரவாதி, பறக்கும் பாம்பு என்று ஒரு மாய உலகம். விளையாடுகிறவன் அதில் ஒரு வீரனாக உள்ளே போவான். யாரைக் காப்பாற்றுவது, யாரிடம் பொய் சொல்வது என்பதெல்லாம் அவன் இஷ்டம். அவன் செய்வதைப் பொறுத்து எதிரே நிற்கிறவர்களின் முகம் மாறும். "மொகந்தான்க்கா கதை. வசனமெல்லாம் அப்பறம்" என்பான் விஜயபாண்டி. "வாய் மட்டும் ஆடி கண்ணு சும்மா இருந்துச்சுன்னு வையி, வெளையாடுறவன் சிரிச்சிட்டுப் போயிருவான். அவன அழுக வைக்கணும்." அவளுக்குப் பாதி புரியும். தம்பி சொல்கிறான் என்பதற்காக மீதியையும் ரசிப்பாள்.

ஒரு பொங்கலுக்கு வந்தவன் அவளைச் சன்னல் ஓரம் உட்காரவைத்து, கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். கோபப்படச் சொன்னான், பட்டாள். பயப்படச் சொன்னான், ஏதோ செய்தாள். "இப்ப, ரொம்ப நம்பின ஆளு ஒன்னையக் கைவிட்டுட்டான். எல்லாரும் ஒன்னையவே பாக்குறாக. அந்த மொகம் வேணும்" என்றான். ஹேமாவதி உதட்டைப் பிதுக்கினாள், கண்ணை உருட்டினாள், கடைசியில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டாள். "எவன்டா என்னையக் கைவிட்டான், காமிக்கிறதுக்கு? போடா, பாயாசம் ஆறுது." அவன் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பாயாசம் குடித்தான்.

அந்த வருஷம் வைகாசியில் அவள் மூத்த மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். சின்னமனூர் மண்டபத்தில் சுந்தரலிங்கத்தின் சொந்தபந்தம் பூராவும் கூடியிருந்தது. பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். தாய்மாமனைக் காணோம். பொட்டிப்புரத்திலிருந்து வேன் கிளம்பிவிட்டது என்று காலையிலேயே பேசியவன், பிறகு போனை எடுக்கவில்லை.

நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹேமாவதி மண்டப வாசலுக்கும் மேடைக்கும் நடந்தாள். "தாய்மாமன் மெட்ராஸ்ல பெரிய ஆளாமே, நமக்கெல்லாம் வருவாகளா?" என்று யாரோ ஒரு பெரியம்மா காதில் விழும்படி சொன்னாள். பங்காளி ஒருத்தர் தன் மடியில் வைத்துக் குத்திவிடலாமா என்று ஆரம்பித்தார். மாமியார் ராக்கம்மாள் ஆசாரியிடம் போய், "இன்னம் செத்த நேரம் இருங்கய்யா. அந்தத் தம்பி வராம இருக்காது" என்று கேட்டுக்கொண்டாள். இத்தனைக்கும் நடுவில் வீடியோக்காரரின் வெளிச்சம் ஹேமாவதியின் முகத்தைவிட்டு அகலவே இல்லை.

"பிள்ளையப் பிடிங்கண்ணே. என்னைய எதுக்குப் பிடிக்கிறீக?" என்று எரிந்து விழுந்தாள்.

"ஒங்க தம்பி சொல்லியிருக்காப்லம்மா, அக்காவ விடாமப் பிடிக்கணும்னு" என்றார் அவர்.

அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. எங்கே மாட்டிக்கொண்டு தவிக்கிறானோ, அந்த நிலையிலும் அக்காவை நினைத்திருக்கிறானே என்று தோன்றியது. ஆனால் வாசல் காலியாகவே இருந்தது. பெரியம்மாக்கள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எச்சிலை விழுங்கினாள். கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். இடது கண் இமை தானாகத் துடித்தது. அழுதுவிடப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது.

மாலை போட்ட கிடாய், வாழைத்தார், வரிசையாகத் தாம்பாளத் தட்டுகள், முன்னால் பட்டு வேட்டியில் விஜயபாண்டி. "மார்க்கையன்கோட்டைக்கிட்ட வேன் நின்னுபோச்சுக்கா" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முந்தானையால் அவன் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். நல்ல நேரம் முடியும் தறுவாயில் பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டது.

அன்று சாப்பாட்டுப் பந்தியில், சீர் சுமந்து வந்த சித்தி ஜக்கம்மா அவள் காதோடு ஒன்று சொன்னாள். "ஒன் மாமியாதான் லேட்டா வரச் சொன்னாகளாமே? தம்பி சொன்னுச்சு. டீக்கடையில உக்கார வச்சு முதுகே போச்சு." ஹேமாவதிக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. அத்தை வேண்டுமென்றே செய்திருக்கிறாள், சபையில் நம்மைத் தலைகுனிய வைக்க. தம்பி அதை மறைத்து, வேன் மேல் பழியைப் போட்டு, அக்கா குடும்பத்தில் சண்டை வராமல் காத்திருக்கிறான். எவ்வளவு பெரிய மனசு! அத்தை ஆசாரியிடம் கெஞ்சியதுகூட நடிப்புத்தான் என்று முடிவு கட்டினாள்.

அதற்குப் பிறகு மாமியாரோடு அவள் பேச்சு வேண்டா வெறுப்பாயிற்று. சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், முகம் மட்டும் கடுகடுவென்று இருக்கும். ராக்கம்மாளுக்கு வயதானாலும் கண் நன்றாகத் தெரியும். ஒருநாள், "நான் என்னத்தா பண்ணுனேன்?" என்று கேட்டேவிட்டாள். "ஒண்ணுமில்லத்தே" என்றது இவள் வாய்.

மறு சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு விஜயபாண்டி வந்தான். கையில் லேப்டாப். கேம் வெளியாகிவிட்டதாம், வெளிநாட்டிலெல்லாம் பேசுகிறார்களாம். "ஒனக்கு ஒண்ணு காட்டணும்க்கா" என்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தான். முகமெல்லாம் பூரிப்பு.

திரையில் ஒரு மலைக்கோட்டை. கோட்டையைச் சுற்றி எதிரிப் படை. வாசலில் கிரீடம் வைத்த ஒரு ராணி, தம்பியின் படை வரும் என்று காத்து நிற்கிறாள். "வெளையாடுறவன்தான் அந்தத் தம்பி. வழியில புதையலு கிதையலுன்னு நின்னுட்டான்னா லேட்டாயிரும். அப்ப ராணி மொகத்தப் பாரு" என்றான்.

ராணி எச்சிலை விழுங்கினாள். கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். இடது கண் இமை துடித்தது. நிறம் வேறு, மூக்கு வேறு, கண் பச்சையாக இருந்தது. இருந்தாலும் ஹேமாவதிக்குத் தன் முகம் தெரியாதா? முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அட, நானு!" என்றாள். அவன் இன்னொன்றையும் ஓடவிட்டான். தம்பி கடைசியில் வந்துவிடுகிறான். ராணி ஒன்றும் கேட்காமல் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "இதப் பாத்து எவ்வளவு பேரு அழுதுருக்காக தெரியுமா? வீடியோ போட்டிருக்காக" என்று காட்டினான். எந்த நாட்டுக்காரனோ ஒரு வெள்ளைக்காரன் அவள் முகத்தைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தான்.

ஹேமாவதியின் சிரிப்பு மெதுவாக நின்றது. "இது காதுகுத்து அன்னைக்குப் பிடிச்சதுதானே? எங்களுக்குக் குடுத்த வீடியோவுல இது இல்லையே."

"அத நான் தனியா வாங்கிக்கிட்டேன்."

"வேன் நின்னுபோச்சுன்னியே?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "வேனெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மார்க்கையன்கோட்டையில டீக்கடையில இருந்தேன். வீடியோக்காரரு என் போனுக்கு நேரா அனுப்பிக்கிட்டே இருந்தாரு, ஒன்னையப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீ அழுகப் போறன்னு தெரிஞ்சதும் கெளம்பிட்டேன்க்கா. நானும் அழுதுட்டேன், நெசமா. ஒனக்குத்தான் நடிக்க வரலையே, நான் என்ன செய்ய?"

"எங்க அத்தை லேட்டா வரச் சொன்னாகன்னு சித்திகிட்டச் சொன்னது?"

"அவுகள எல்லாம் வேற என்ன சொல்லி உக்கார வைக்க?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது. மண்டப வாசலில் அவள் செத்துப் பிழைத்ததை எங்கேயோ உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று பெருமையாக வேறு சொல்கிறான். அவன் பேச்சை நம்பி, ஒரு தப்பும் செய்யாத கிழவிக்கு வருஷம் முழுக்க இவள் கடுமுகம் காட்டியிருக்கிறாள். பங்காளிகளிடம் கத்தியது, அடி வாங்கியது, வியர்வையைத் துடைத்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பாவி, என் தம்பியா நீ என்று கேட்க வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. முகம்தான் வந்தது.

விஜயபாண்டி அவளைப் பார்த்தான். அவன் கண் அவள் நெற்றியிலிருந்து இமைக்கு, இமையிலிருந்து உதட்டு ஓரத்துக்கு மெதுவாக இறங்கியது. கை தானாகக் கைப்பேசியைத் தேடியது.

"அக்கா," என்றான், ரகசியம் போல. "அப்படியே இரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கையை இழுத்துக்கொண்டான். அதற்குள் ஹேமாவதி முந்தானையை எடுத்து முகத்தின்மேல் முழுக்கப் போட்டுக்கொண்டாள். அவன் அக்கா அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தான், காலைத் தொட்டான், அழுதான். அவன் எழுந்து போகும்வரை அவள் அந்தச் சேலையை விலக்கவில்லை. பிறகு அடுப்படிக்குப் போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னைய மன்னிச்சிருங்கத்தே" என்றாள். எதற்கென்று கிழவி கேட்டாள். நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள். ராக்கம்மாள் கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். "அவனாச்சும் ஒருத்தன் இருக்கான் ஒனக்கு. அத்து விட்றாத" என்று மட்டும் சொன்னாள்.

அத்துவிட முடியுமா? இளைய மகனுக்குக் காது குத்த ஒரு மடி வேண்டுமே. ஆவணியில் நாள் குறித்ததும் அவளே போன் செய்து தம்பியை அழைத்தாள். வீடியோ வேண்டாம் என்று சுந்தரலிங்கத்திடம் சொல்லிவிட்டாள். அவன் தலையாட்டினான். கொஞ்ச நாளாகவே கடையில் அவள் கல்லாவில் உட்கார்ந்தால் எல்லா மருந்தும் விற்கிறது. நல்லதோ கெட்டதோ, அவள் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடிவதில்லை. சந்தோஷப்பட வேண்டியவன் அவன்தான். என்னவோ அவனுக்கு அது பிடிக்கவில்லை.

விஜயபாண்டி விடிந்தும் விடியாமல் வந்துவிட்டான், மண்டபம் கூட்டுகிறவர்களுக்கும் முன்னால். போன தடவையைவிடப் பெரிய சீர். மருமகனை மடியில் வைத்துக்கொண்டபோதும், பந்தியில் பரிமாறும்போதும் அவன் கண் அக்காவின் முகத்தையே சுற்றிச்சுற்றி வந்தது. அவள் குறையே வைக்கவில்லை. இலை போட்டாள், நெய் ஊற்றினாள், கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

கிளம்பும்போது வேன் பக்கத்தில் அவளைத் தனியாகப் பிடித்தான். "எல்லாஞ் சரியாச் செஞ்சேன்லக்கா? நீ ஒரு தடவகூடச் சிரிக்கலையே."

வெற்றிலைத் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு ஹேமாவதி சொன்னாள்: "சிரிச்சா அதையும் எடுத்துட்டுப் போயிருவடா."