அடைத்த வாசல்

ஐசக் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பென்சில் வாங்கக்கூட மூன்று கையெழுத்து வேண்டும் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அந்தக் கறார் எல்லாம் இப்போது சேலையூர் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் ஒரே ஒரு தேனீப் பெட்டியின் மேல் இறங்கியிருந்தது.

மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கியதும் பெட்டி வாசலில் ஒரு மூங்கில் சீவலைச் செருகி, விரல் அகலத்துக்குச் சுருக்கிவிடுவார். வாடைக்காற்று உள்ளே போகக் கூடாது. ஆனால் மூடிக்குக் கீழே, வலை அடித்த இரண்டு ஓட்டைகள் எப்போதும் திறந்தே இருக்கும். கனடாவிலிருந்து வீடியோ காலில் பார்த்த மகள் ஹெப்சி, "குளிருக்கு எல்லாத்தையும் மூட வேண்டியதுதானப்பா?" என்றாள்.

"உள்ள பத்தாயிரம் பேர் மூச்சு விடுறாங்கம்மா. சூடும் ஈரமும் வெளிய போகணும். வாசலைச் சுருக்கலாம், அந்த ஓட்டையை மட்டும் தொடக் கூடாது."

அவருக்குத் தெரியாமல் நடந்ததென்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மனைவி ரத்தினபாய் இறந்த வருடம் அவர் வீட்டில் கிறிஸ்மஸ் ஸ்டார் தொங்கவில்லை. துக்க வீட்டில் தொங்கவிடுவது வழக்கமில்லை. வீடு வீடாகப் பாடிப்போகும் சபையின் கேரல் குழுவும் அந்த வீட்டு வாசலில் மேளத்தை அடக்கிக்கொண்டு, மரியாதையாகக் கடந்து போனது. அடுத்த வருடம் அவருக்கு ஸ்டார் கட்ட மனசில்லை. குழு மறுபடியும் மேளத்தை அடக்கிக்கொண்டு கடந்து போனது. அன்றைக்குக் கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார் மனுஷர். கூப்பிட வாய் வரவில்லை.

இந்த வருடம் குழுத் தலைவர் தேவானந்தம் போன் செய்து, "அண்ணா, ஸ்டார் போடுறீங்களா? சனிக்கிழமை வரலாமா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே ஐசக் ஸ்டார் வாங்கிவந்துவிட்டார். எதிரே அபார்ட்மென்ட் வந்த பிறகு, தெருமுனையிலிருந்து தெரிவது மொட்டைமாடி மட்டும்தான். மாடிக் கம்பியில் கட்டி விளக்கைப் போட்டார்.

காலையில் ஸ்டாரின் காகிதத்துக்குள் நாற்பது தேனீக்கள் செத்துக் கிடந்தன. வெளிச்சத்தைப் பார்த்து, பனியில் கிளம்பி வந்திருக்கின்றன. விளக்கை அணைத்துவிட்டார். ஆனால் சனிக்கிழமை அணைத்து வைக்க முடியாதே. குழு இருட்டு வீட்டைப் பார்த்தால் இந்த வருடமும் கடந்து போய்விடும்.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் பெட்டி வாசலில் துணியைத் திணித்துவிட்டு ஸ்டார் விளக்கைப் போட்டார். மூடிக்குக் கீழே ஒரு பக்கத்து ஓட்டையில் வலை லேசாகப் பிய்ந்திருந்தது. அது வழியாகத் தேனீக்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. பிரவுன் டேப்பை எடுத்து அந்த ஓட்டையை ஒட்டினார். கை அதோடு நிற்கவில்லை, அடுத்த ஓட்டையையும் ஒட்டியது. இரண்டு மணி நேரம்தானே, அவர்கள் போனதும் பிரித்துவிடலாம் என்று பெட்டியிடமே சொல்லிவிட்டு இறங்கினார்.

எட்டு மணிக்கு மேளம் அடங்காமல் வந்தது. முப்பது பேர். கூடத்தில் நிற்க இடமில்லாமல் படிக்கட்டுவரை நின்று பாடினார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஐசக்கின் கையைப் பிடித்து இழுத்து ஆடவைத்தார். ஜெபம், கேக், காபி. ஒருவர் சோபாவில் சாய்ந்து, "இங்கயே இருந்துடலாம் போலிருக்கு அங்கிள்" என்றார். சும்மா சொன்ன பேச்சு. ஐசக் அதை நம்பினார்.

இருபது நிமிஷத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் முப்பது கப்புகளையும் பாடிக்கொண்டே கழுவினார். நாற்காலிகளை எடுத்துவைக்க மனமில்லாமல் அப்படியே விட்டார். படுத்ததும் தூங்கிப்போனார். இரண்டு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

விடிந்து, பல் தேய்த்துக்கொண்டே மாடியேறியவர் பெட்டியின் மேல் பிரவுன் டேப்பைப் பார்த்தார். பிய்த்தார், துணியை இழுத்தார். ஒன்றும் வெளியே வரவில்லை. மூடியைத் தூக்கியபோது உள்ளிருந்து சூடான ஆவி முகத்தில் அடித்தது. தேனடைகள் இளகிச் சரிந்திருந்தன. அடிப்பலகையில் நாலு விரல் உயரத்துக்கு, தேனில் நனைந்து, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஓட்டைகளுக்குக் கீழேதான் குவியல் அதிகம். கையால் அள்ளி அள்ளி வெயிலில் பரப்பினார். ஐந்தாறு மட்டும் காலை அசைத்தன, பிறகு அவையும் நின்றன.

ஒன்பது மணிக்கு தேவானந்தம் போன் செய்தார். "நேத்து உங்க முகத்தைப் பாத்து எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்ணா. இனிமே தனியா இருக்கோம்னு நினைக்காதீங்க."

"சரிப்பா" என்றார் ஐசக். நேற்று சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் தான் தனியாக இருக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.