மகள் அசையாமல் இருந்த நிமிடங்கள்

“மே, இரண்டாம் ஞாயிறு. காலை 5.50. கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. உட்துறைமுகத்தில் இரண்டு கப்பல், ஒன்று கோதுமை. மகள்: 4 நிமிடம். பக்கத்து வீட்டுப் பிள்ளை: 6 நிமிடம், நடுவில் ஒரு தும்மல்.”

என் குறிப்புக் கொப்பியில் இப்படித்தான் இருக்கிறது. கப்பல், மழை, மின்தடை, முற்றத்து மாமரத்திலிருந்து விழுந்த முதல் பழம் என எதையும் நாள், நேரத்தோடு எழுதிவைப்பது என் பழக்கம். அந்த ஆண்டு மகள் ஐந்தாம் வகுப்பு. ஓகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை. ரியூசனில் மாதிரி வினாத்தாள் வைக்கிற ஒவ்வொரு காலையும் சத்தி எடுத்தாள், குடித்த தேநீரெல்லாம் வெளியே வந்துவிடும். வயிற்றில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்படியே போனால் பரீட்சை மண்டபத்தின் வாசலைக்கூடத் தாண்டமாட்டாள் என்று நானும் மனைவியும் பயந்தோம்.

யோகத்தைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்வதை நான் பல வருடமாக வாசித்து வந்தவன். உடம்பை வளைப்பது அதில் ஒரு சிறு பகுதி. மனம் ஓயாமல் அலைவதும், அதை மெல்ல ஓயவிடுவதும்தான் முக்கிய விசாரணை. பெரியவர்களுக்கு எழுதியதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் சொல்லக்கூடாது? பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே பரீட்சைக்குப் படிக்கிறவள், தானும் வருவதாக நின்றாள். குறிஞ்சாக்கேணியிலிருந்து எங்கள் பாலையூற்றுக்கு வாடகைக்கு வந்த குடும்பம். அவளுடைய உம்மா மதிலுக்கு மேலால் கேட்டார்:

“அண்ணன், இதுல மந்திரம் ஏதும் ஓதுறீங்களா?”

“இல்லைத் தங்கச்சி. மூச்சு மட்டுந்தான்.”

“மூச்செண்டா விட்டுட்டு வரட்டும். வாயத்தான் மூடமாட்டா, அதையும் ஒருக்காப் பாருங்க.”

ஞாயிறுதோறும் இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உட்துறைமுகக் கரைக்குப் போவேன். அந்த நேரத்தில் தண்ணீருக்கு நிறமே இராது. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பல் வெளியில் கப்பல்கள் தொங்கிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். அக்கரை மலைகள் யாரோ நினைத்துப் பார்த்துவிட்டு மறந்தவை போல மங்கிக் கிடக்கும். எங்கேயோ ஒரு வள்ளத்தின் இயந்திரம் துடித்து, பிறகு அதுவும் தண்ணீருக்குள் கரைந்துபோகும்.

“மனம் இந்தத் தண்ணி மாதிரி,” என்றேன். “நினைப்பு எல்லாம் கப்பல். வரும், போகும். தண்ணி ஒண்டையும் பிடிச்சு வைக்கிறதில்லை.”

மகள் கோதுமைக் கப்பலைக் காட்டினாள். “கப்பல் நங்கூரம் போட்டால் என்ன அப்பா செய்யிறது?”

“முதல்ல கண்ணை மூடுங்கோ,” என்றேன். அவர்கள் கண்ணை மூடினார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்து நிமிடங்களை எழுதினேன்.

ஜூனில் யோகத்தின் எட்டு அங்கங்களையும் சொல்லிக்கொடுத்தேன். யாரையும் நோகடிக்காமல் இருப்பது, பொய் சொல்லாமல் இருப்பது, உள்ளதில் நிறைவாக இருப்பது என்று அவர்களுடைய பள்ளிக்கூடத்துச் சண்டைகளை வைத்தே விளக்கினேன். அவர்களோ வீதி முழுக்க, என் முதுகுக்குப் பின்னால், “இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம்...” என்று வாய்ப்பாடு போலப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைய குறிப்பில் “இருவருக்கும் மனப்பாடம்” என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு சனிக்கிழமை தானே ஒரு மாதிரி வினாத்தாள் தயாரித்துக்கொண்டு வந்தாள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை, மேலே பரீட்சைச் சுட்டெண்ணுக்கு ஒரு பெட்டி. “பின்வருவனவற்றுள் நியமம் எது?” தூய்மையை மகள் இயமத்தில் சேர்த்துவிட்டாள். பத்துக்கு ஒன்பது.

“ஒண்டு பிழை! ஒண்டு பிழை!” என்று மற்றவள் கதிரையைச் சுற்றி ஆடினாள். மகளும் சிரித்தாள். நூலுக்கு நூல் இயம, நியமங்களின் எண்ணிக்கையே மாறும், ஐந்து என்பாரும் பத்து என்பாரும் உண்டு, இதை யாரும் பரீட்சையாக வைத்ததில்லை என்று அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரியான விடையைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் விடியக் கரைக்குப் புறப்படும்போது மகள் குசினிக் கதவடியில் சத்தி எடுத்தாள்.

மனைவி அவளுடைய முகத்தைக் கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பாராமல் சொன்னாள்: “பரீட்சைக்குப் பயந்த பிள்ளைக்கு நீங்கள் இன்னொரு பரீட்சை வைச்சிருக்கிறியள். நிமிஷம் வேற எழுதிறியள். அவள் என்னட்ட என்ன கேட்டவள் தெரியுமே? எத்தினை நிமிஷம் இருந்தால் பாஸ் எண்டு.”

அன்று கொப்பியையும் மணிக்கூட்டையும் அலுமாரியில் வைத்துவிட்டு இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். கரையில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

“அப்பா, நீங்கள் ஒருநாளும் கண் மூடினதில்லையே?” என்றாள் மகள்.

ஓம், மூடியதில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். கோதுமைக் கப்பல் எத்தனை மணிக்கு வந்திருக்கும் என்று மனம் உடனே கணக்குப் போட்டது. ஒரு கண்ணைத் திறந்தேன்.

“மாமா முழிச்சிட்டார்!”

“உங்களுக்கும் ஏலாது அப்பா, என்ன?” மகளின் குரலில் அப்படி ஒரு ஆறுதலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“ஏலாது,” என்றேன்.

“பரவாயில்லை. கப்பல் நிக்கட்டும். நீங்கள் சும்மா இருங்கோ.”

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளுக்குக் குறிப்பு இல்லை. நினைவில் இருப்பது வெளிச்சம்தான்: மூடிய இமைக்குள் மெல்லச் சிவந்து வருவது, இரண்டு பக்கமும் இரண்டு சிறு மூச்சுகள், எப்போது தொடங்கியது என்று தெரியாமல் வந்து தொடும் கச்சான். சில நாட்கள் அவர்கள் எழுந்து சிப்பி பொறுக்கப் போனதுகூட எனக்குத் தெரியாது.

பரீட்சையன்று காலையும் மகள் சத்தி எடுத்தாள், பள்ளிக்கூட மதிலோரம், புதுச் சப்பாத்தில் படாமல். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வாயைக் கொப்பளித்தாள். திரும்பிப் போவோமா என்று கேட்க வாயெடுப்பதற்குள், “நான் போறன் அப்பா,” என்று உள்ளே போய்விட்டாள்.

முடிந்து வெளியே வரும்போது முதலில் ஓடிவந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை. மகளுக்கு இரண்டு மேசை பின்னால் இருந்தவள்.

“மாமா, இடைவேளைக்குப் பிறகு தந்த பேப்பர்ல இவ பேனைய வெச்சிட்டுக் கண்ண மூடிட்டு இருந்தா. சும்மாவே இருந்தா! பிறகு எழுதினா.”

“அப்பிடியே?” என்று மகளைக் கேட்டேன்.

“தெரியாது. ஐஸ்பழம் வாங்கித் தாறீங்களா?”

பிறகும் இரண்டு தரம் கேட்டேன், ஞாபகமில்லை என்றாள். மேற்பார்வை செய்தவரைத் தேடிப் போய்க் கேட்பது முறையல்ல. சாட்சி ஒருத்திதான், அவளும் பின்னால் இருந்தவள், அந்த நேரத்தில் தன் வினாத்தாளைப் பார்த்திருக்க வேண்டியவள். மகள் உண்மையில் கண்ணை மூடியிருந்தாளா, மூடியிருந்தால் அது தலைச்சுற்றா அமைதியா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.