வெறுந்தலையோடு அளந்த வழி

எனக்கு மழை என்றால் பயம். இடிக்கும் மின்னலுக்கும் இல்லை. வீட்டுக்கு இறங்கும் வழி நனைவதுதான் பயம்.

என் கணவருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸ். சர்க்கரையில் இடது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீடு தாழ்ந்த இடத்தில், தோட்டங்கரையில். தோடு என்றால் சின்ன ஓடை. ஆட்டோ வருவது மேலே கனால் கரை வரம்பு வரைக்கும்தான். வரம்பிலிருந்து வீடு வரை செம்மண் வழி. கடைசியில் ஒரு இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் தோட்டின் மேல் ஒரு கான்கிரீட் பலகை. அதைத் தாண்டினால் வீடு. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தி இரண்டு பேர் தூக்குவார்கள். ஒருவன் அவருடைய தம்பி. மற்றவன் பக்கத்து வீட்டு மேசன், சுவர் கட்டுகிறவன். நான் பின்னால் நடப்பேன்.

போன மழைக்காலத்தில் டயாலிசிஸ் முடிந்து வரும்போது அந்த இறக்கத்தில் மேசனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலியோடு அவர் சாய்ந்தார். வலது கை அடியில் போனது. அந்தக் கையில்தான் நரம்பை வெட்டி இணைத்து வைத்திருக்கிறார்கள். ஊசி குத்துவது அங்கே. அதைத் தொட்டால் உள்ளே தண்ணீர் ஓடுவது மாதிரி இரையும். டயாலிசிஸ் நாளில் ரத்தம் உறையாத மருந்தும் உடம்பில் இருக்கும். கட்டு அவிழ்ந்தது. ரத்தம் வந்ததை நான் சேலையால் அமுக்கிப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழைத் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அது மண்ணா ரத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று நின்றது. இன்னொரு தடவை நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் அந்த வழிக்கு மெட்டல் போட வேண்டும் என்று நினைத்தேன். கிரஷரில் உடைத்த கருங்கல்லை எங்கள் பக்கம் மெட்டல் என்பார்கள். நினைத்தால் மட்டும் போதாது. கனால் வரம்பில் லாரி வராது. பெட்டி ஆட்டோவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வர வாடகை கட்டாது. வேறு வழியும் இல்லை.

இந்த வருஷம் ஒரு வழி திறந்தது. மேல்பக்கத்தில் ரப்பர் மரம் நின்ற விளை ஒரு சாருடையது. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மரங்களை முறித்து விற்றார். விளை வெறுமையானது. புதுக் கன்று வைப்பதற்கு ஜேசிபி வந்து படிப்படியாகத் தட்டு வெட்டிக் குழி எடுக்கும் வரை அது வழியாக ஒரு டிப்பர் வரலாம். அதன் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு வராது. நான் போய்க் கேட்டேன். சார் சம்மதித்தார். சனிக்கிழமை ஒரே ஒரு லோடு, திங்கள் காலை ஜேசிபி வருகிறது, அதற்குள் தன் விளையில் ஒரு கல் மிஞ்சக் கூடாது என்றார். நியாயம்தான்.

ஒரு லோடு. அதில் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டும். குறைந்தால் வேறு வராது. மிஞ்சினால் அள்ளி வைக்க இடம் இல்லை.

நான் நாலாம் கிளாஸ். ஆனால் பத்தொன்பது வருஷம் ரோட்டுப் பணிக்குப் போனேன். பெருங்கடவிளை, ஒற்றசேகரமங்கலம், அதற்கும் கிழக்கே மலையடி வரை. தலையில் சும்மாடு வைத்து மெட்டல் சுமந்தேன். சுமக்கிற பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று அடி அகலம், மூன்று விரல் கனம் என்றால் ஒரு நடைக்கு, அதாவது எடுத்து வைக்கிற ஒரு எட்டுக்கு, இரண்டு கூடை. ஐந்து கூடை சேர்ந்தால் இரண்டு கன அடி. ஓவர்சியர் கடலாசுத் தாளில் எழுதிக் கூட்டிப் பெருக்குவார். நாங்கள் முன்னாலேயே சொல்லிவிடுவோம். தப்பினது இல்லை.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அவரைக் கொண்டு வந்து கிடத்திய பிறகு வரம்பில் போய் நின்று வீடு வரை நடந்து எண்ணினேன். மேசன் டேப்போடு வந்தான்.

“பிடிக்கட்டா அக்கா? ரெண்டு நிமிஷம்.”

“டேப்பு ஒனக்க சுவருக்கு. இது வழி.”

“செரி, நடங்க. ஓவர்சியர் தோத்துப் போவாரு.”

பலகை வரை நூற்றைம்பது நடை. முன்னூறு கூடை. நூற்றி இருபது கன அடி. ஐந்து கூட்டிச் சொன்னேன். நூற்றி இருபத்தைந்து.

இருபது அடி கூடுதல் எடுத்தால் என்ன என்று மேசன் கேட்டான். சாரின் விளையில் மிஞ்சினால் யார் அள்ளுவது என்றேன். அவன் விடவில்லை. அப்போது நான் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

“பத்தொம்பது வருஷம் அளந்தது எனக்க தலையாக்கும்.”

சனிக்கிழமை டிப்பர் வந்தது. டிரைவர் மலையாளத்தில் கேட்டார், நூற்றைம்பது வரை கொள்ளும், நிறைத்துக் கொண்டு வந்திருக்கலாமே, கிரஷரில் நூற்றி இருபத்தைந்து மதி என்று சொன்னதாமே என்று. போதும் என்பதற்கு அங்கே மதி என்பார்கள். நானும் மதி என்றேன். விளையின் அதிர் எல்லையில், வரம்பை ஒட்டித் தட்டிவிட்டுப் போனார். வானம் தெளிவாக இருந்தது. எனக்கு அன்று பயம் குறைந்திருந்தது. அது ஒரு நாள்தான்.

கொழுந்தன் கீழே இருந்து தொடங்கலாமா என்று கேட்டான். இறக்கம்தானே மோசம் என்றான். நான் வேண்டாம் என்றேன். பணியில் குவியலுக்குப் பக்கத்தில்தான் தொடங்குவோம். போட்டதன் மேல் நடந்து நடந்து அடுத்ததைப் போடுவோம். அப்படியே பழக்கம். நான் சுமந்தேன். அவனும் மேசனும் மண்வெட்டியால் நிரத்திப் பரப்பினார்கள். பத்துக் கூடைக்கு ஒரு கல் ஒதுக்கி வைத்து எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகவில்லை. கல்யாணம் கழிந்த பிறகு ஞாயிறு வேலை செய்தது அன்றுதான். பாட்டுச் சத்தம் கேட்டபோது கூடை தலையில் இருந்தது. மனசு ஒரு மாதிரி ஆனது. நிற்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மெட்டல் தீர்ந்தது. வழி தீரவில்லை.

இறக்கம் அப்படியே கிடந்தது. பலகை வரை வெறும் செம்மண். நான் நின்று பார்த்தேன்.

டிரைவர் கல் குறைத்துக் கொடுத்துவிட்டான் என்றான் கொழுந்தன். எனக்கும் அதுதான் தோன்றியது. வாய்க்கு வந்ததை நானும் சொன்னேன். ஜன்னலில் இருந்து என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேச மாட்டார்.

“எட்டி, நீ கூடை எண்ணினியா?”

“எண்ணினேன்.”

“எத்தற?”

ஒதுக்கிய கல்லை எண்ணினேன். முப்பத்தி ஒன்று. மேலே இரண்டு கூடை. முன்னூற்றிப் பன்னிரண்டு. ஐந்துக்கு இரண்டு என்று போட்டுப் பார்த்தேன். நூற்றி இருபத்தைந்து. டிரைவர் சரியாகத்தான் கொண்டு வந்திருக்கிறார்.

அப்படியென்றால் கணக்கில் தப்பினது நான். எங்கே என்று தெரியவில்லை.

வரம்புக்குப் போனேன். கூடையில் மண் நிறைத்துத் தலையில் தூக்கினேன். நடந்தேன். எண்ணினேன். நூற்றைம்பது வந்தபோது நான் இன்னும் மெட்டலின் மேலேதான் இருந்தேன். நூற்றைம்பத்தாறில் மெட்டல் தீர்ந்தது. பலகையில் கால் வைத்தபோது இருநூறு.

கூடையை இறக்கவில்லை. அப்படியே நின்றேன். இப்போது புரிந்தது. ஒரு நடைக்கு இரண்டு கூடை என்பது சுமக்கிறவளுடைய நடை. தலையில் பாரம் இருக்கும்போது கால் நீளாது. வெள்ளிக்கிழமை நான் தலையில் ஒன்றுமில்லாமல் இறக்கத்தில் கை வீசி நடந்து எண்ணினேன். பத்தொன்பது வருஷத்தில் வெறுந்தலையோடு ஒரு ரோட்டையும் நான் அளந்தது இல்லை. அதனால் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

நாற்பத்து நாலு நடை பாக்கி. எண்பத்தெட்டுக் கூடை.

மேசனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

திங்கள் காலை ஏழு மணிக்குச் சாரின் வீட்டுக்குப் போனேன். அதற்குள் ஜேசிபி சத்தம் கேட்டது. வரம்பை ஒட்டி முதல் தட்டு வெட்டியாகிவிட்டது. டிப்பர் வந்த தடம் இருந்த இடத்தில் ஆள் உயரம் மண். கல் குறைந்ததைச் சொன்னேன். சார் என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னலெ பறஞ்ஞூடாயிருந்நோ?” என்றார். நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று.

நேற்று எனக்கே சாயங்காலம்தான் தெரியும் என்று சொல்லவில்லை. சார் கையிலிருந்த போனைக் காட்டினார். ஆரஞ்சு அலர்ட். இன்றும் நாளையும் கனத்த மழை. அலர்ட் வந்தால் குவாரி அடைக்கச் சொல்லுவார்கள். கிரஷரிலும் கல் இருக்காது. கடன் வாங்கியாவது பெட்டி ஆட்டோவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வரலாம் என்று வழியில் யோசித்துக்கொண்டு வந்தேன். அதுவும் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் நின்றான். நாளைக்கு ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போகாமல் இருந்தால் என்ன என்றான். போன வருஷம் அப்படி ஒரு தடவை விட்டோம். மூச்சு முட்டி அவர் இரண்டு நாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். உதடு நீலமானது. அவன் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். போகாமலும் பயம். போனாலும் பயம்.

பதினொரு மணிக்கு வானம் இருண்டது. நான் வரம்பில் போய் நின்று கீழே பார்த்தேன். மேலே முதல் நூறு நடை சமநிலம், அடியில் சரளை. உறைத்து இறுகிய மண். மழையில் நனையும், ஆனால் வழுக்காது. அங்கே மூன்று விரல் கனம் எதற்கு? இரண்டு போதும். ஒரு விரலைச் சுரண்டி எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. இருநூறு கூடையில் அறுபத்தாறு. நாற்பத்து நாலு நடைக்கு ஒன்றரைக் கூடை வீதம் சரியாக வரும். இறக்கத்துக்கு மூன்று விரல் வேண்டும். இரண்டே கால்தான் கிடைக்கும். தாங்குமா என்று எனக்குத் தெரியாது. இந்த மாதிரி ஒரு வேலையை நான் செய்தது இல்லை. போட்டதைத் திருப்பி எடுத்தது இல்லை.

பல் வாரியால் மேல்வழி மெட்டலைச் சுரண்டி இழுத்தேன். கொழுந்தனும் மேசனும் வந்தார்கள். பாதியில் மழை இறங்கியது. நனைந்த மெட்டல் கனத்தது. கூடை வழியே தண்ணீர் கழுத்தில் ஒழுகியது. இறக்கத்தில் கால் பெருவிரலை மண்ணில் குத்திக் குத்தி இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் பலகையைப் பார்த்தேன். தோட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் அவர் இருந்தார். ஒரு தடவை கூப்பிட்டார்.

“மதி. உள்ள கேறி வா.”

“இன்னும் பதினெட்டு உண்டு.”

பிறகு அவர் கூப்பிடவில்லை. ஜன்னலையும் அடைக்கவில்லை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குத் தூக்கினார்கள். மழை விடவில்லை. அவர் கையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். ஏற்றத்தில் மெட்டல் நெரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிறவரை கால் கல்லில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு இடத்தில் சத்தம் வரவில்லை. என் மூச்சும் வரவில்லை. வரம்பில் ஆட்டோவில் ஏற்றினோம். திரும்பிப் பார்த்தேன். இறக்கம் முழுவதும் அவர்களுடைய கால் குழி. கல் மண்ணுக்குள் போய், குழியில் சிவப்புத் தண்ணீர் நின்றது.

எல்லா நாளும் நான்தான் கூடப் போவேன். அன்று ஏறவில்லை.

“நீ வரல்லியா?” என்றார்.

“தம்பி வருவான். நான் இஞ்ச நிக்கேன்.”

அவர் வழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

ஏறுவதை விட இறங்குவது மோசம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்குத் தலை நிற்காது. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிவார். மருந்தும் உள்ளே இருக்கும். விழுந்ததும் அப்படி ஒரு நாளில்தான். நான் மேல்வழியில் இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். குழி குழியாக நிரப்பினேன். நிரப்பிக் குதிகாலால் மிதித்தேன். சோறு தின்றேனா என்று ஓர்மை இல்லை.

சாயங்காலம் நாலு மணி கழிந்து ஆட்டோ வந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மேசன் வந்து நாற்காலியின் பின்கால்களைப் பிடித்தான், கொழுந்தன் முன்கால்களை. இந்தத் தடவை நான் முன்னால் போனேன். முகத்தை அவர்களுக்குக் காட்டி, பின்பக்கமாக இறங்கினேன். விழுந்தால் என் மேல் விழட்டும் என்று.

“பைய, மக்கா,” என்றேன். “கல்லு உள்ள எடத்துல மட்டும் கால் சவுட்டு.”

“எல்லாத்திலயும் உண்டு மைனி,” என்றான் கொழுந்தன். பொய். அவனுக்கும் தெரியும்.

இறக்கத்தின் நடுவில் அவன் கால் சறுக்கிப் போனது. மெட்டலோடு சேர்ந்து ஒரு சாண் இழுத்தது. நாற்காலி என் பக்கம் சாய்ந்தது. நான் இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்தேன். அவருடைய முட்டு என் நெற்றியில் முட்டியது. கொழுந்தனுடைய கால் கல்லில் இடறி நின்றது. நின்றபடியே நின்றோம். எனக்கு அவர் கையைப் பார்க்கத் தைரியம் இல்லை. கொழுந்தன்தான் பார்த்தான். கட்டு வெள்ளையாக இருக்கிறது என்றான். அதன் பிறகுதான் அடுத்த காலை எடுத்து வைத்தேன். பலகை தாண்டினோம்.

கட்டிலில் கிடத்தினேன். உறையை அவிழ்த்துக் கையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே இரைந்துகொண்டிருந்தது. ஓட்டின் மேல் மழை இன்னும் விழுந்தது. அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

“வெள்ளியாழ்ச்சயும் உண்டும்லா.”

“உண்டு,” என்றேன்.

கூடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். வெளிச்சம் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.