பேச்சியம்மா இறக்கிய கியர் பொக்ஸ்

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையை விட்டு இறங்கும்போது பேச்சியம்மாவுக்குக் கால்கள் தன்னுடையவை மாதிரி இல்லை. வட்டவளையில் ஜூன் மாதத்து மழையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஒரு நாள் பெய்யாமல் விட்டால்தான் பேசுவார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து விடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சீலை நனைந்து பாரமாகத் தொங்கியது. லயத்து வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் காலை வைத்துவிட்டு அப்படியே சரிந்துவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. ஆனால் மத்தியானமே புருஷன் போன் எடுத்திருந்தார்.

"கார் சாமான் பஸ்ல வந்துருச்சு புள்ள. நேரா கராஜுக்கு வந்துரு."

அவள் புருஷன் அழகுமுத்துவின் கராஜ் ஹட்டன் ரோட்டோரத்தில் தகரம் அடித்த ஒற்றைக் கொட்டகை. முன்பு இரண்டு பேர் அவரிடம் வேலைக்கு நின்றார்கள். ஒருவன் கட்டாருக்குப் போனான், மற்றவன் கொழும்புக்கு. தனியாக நின்று வேலை செய்த நாளில்தான் லொறி கியர் பொக்ஸ் ஒன்று ஜெக்கிலிருந்து வழுக்கி அவருடைய வலது தோளில் விழுந்தது. அது நடந்து இரண்டு வருஷம். கை இருக்கிறது, தோளுக்கு மேலே ஏறாது, பாரம் பிடிக்காது. கராஜை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் பேச்சியம்மா ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனாள். பிறகு அவர் சொல்லச் சொல்ல நட் கழற்றினாள். இப்போது அவர் சொல்ல வேண்டியதும் இல்லை.

தோட்டத்து வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பேர் தோட்டத்தில் இருந்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு கையில் இருக்கும். மகள் கௌசி மட்டக்களப்பில் படிக்கிறாள். அவளுக்குத் திரும்பி வர ஒரு வீடு வேண்டும். அதனால் பகலில் மலை, பின்னேரம் கராஜ் என்று நாற்பத்தெட்டு வயதில் இரண்டு ஆளின் வேலை ஒரு உடம்பின் மேல் ஏறிக்கொண்டது.

கராஜில் நின்றது சிவப்பு நிறத்தில், இரண்டே இரண்டு சீட் வைத்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். முந்தின நாள் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற வழியில், கினிகத்தேனையில் தொடங்கி ஏறிவந்த கார் வட்டவளை வளைவில் நின்றுபோனது. எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை, அடியிலிருந்து கருகிய வாடை வந்தது. கொழுந்து லொறி ஒன்றில் கயிறு கட்டித்தான் இழுத்து வந்து விட்டார்கள். கார்க்காரர் துஷாந்த், முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும், கொழும்பில் கம்பியூட்டர் வேலை. இதே மாதிரிக் கார் வைத்திருக்கிற நண்பர்கள் சனிக்கிழமை நுவரெலியாவில் கூடுகிறார்களாம். காரை விட்டுப் போக மனமில்லாமல் ஹட்டனில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்.

ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய காரின் கீழே பேச்சியம்மா பலகையைத் தள்ளியதைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"அண்ணே, யார் வேலை செய்யப் போறது?"

"என் சம்சாரம்தான் சேர்."

"விளையாடாதீங்க. இது லேசுப்பட்ட கார் இல்ல. ஒரு போல்ட் மாறினாலும் எனக்கு சாமான் கிடைக்காது."

அழகுமுத்து திரும்பி டோர்ச்சைத் தேடினார். தன் கையைப் பற்றி ஊரானிடம் சொல்ல அவருக்கு எப்போதுமே பிடிக்காது. பேச்சியம்மாவுக்கு அந்தப் பேச்சு உறைத்திருக்க வேண்டும். ஆனால் உறைப்பதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். 'வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்' என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

துஷாந்த் தள்ளிப் போய் நின்று, காரை ஏற்றிப்போகிற லொறிக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்குப் போன் எடுத்தார். திரும்பி வரும்போது அவருடைய சட்டை நனைந்திருந்தது.

"கீழே மண்சரிவாம். ரோட் பூட்டிட்டாங்களாம். நாளைக்கும் நிச்சயம் சொல்ல ஏலாதாம்."

"அப்ப என்னா செய்ய?" என்று பேச்சியம்மா கேட்டாள். "கழட்டவா, போகவா?"

அவர் காரைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "கழட்டுங்க" என்றார்.

கியர் பொக்ஸ் எண்ணெயும் நீண்ட ஷாப்டும் கழற்ற முடிந்த மற்றவையும் பகலிலேயே அழகுமுத்து இடது கையால் இறக்கி வைத்திருந்தார். மிச்சம் இருந்தது கியர் பொக்ஸை எஞ்சினோடு பிடிக்கிற போல்ட்டுகள். மேலே இருக்கிற இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, கை வைத்துத் தடவித்தான் பார்க்க வேண்டும். பேச்சியம்மாவின் ஒல்லியான கை முழங்கை வரை உள்ளே போனது. ரோட்டிலிருந்து வழிந்து வந்த தண்ணீர் அவளுடைய முதுகுக்கடியில் ஓடியது. அழகுமுத்து பக்கத்தில் குந்தி டோர்ச் பிடித்தார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. இறுகிக் கெடக்கு."

"கொஞ்சம் எண்ணெய் அடிச்சுட்டு இரு."

"இருந்தா தூங்கிருவேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்பேனரின் பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி மிதித்தாள். கையால் முடியாத இடத்தில் குதிகால். போல்ட் ஒரு சத்தத்தோடு விட்டது.

பொக்ஸைப் பின்னுக்கு இழுத்து, ஜெக்கை இறக்கி, பழைய கிளச்சை வெளியே எடுத்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கிளச் பிளேட்டில் ஒட்டியிருக்க வேண்டிய பொருள் தேய்ந்து, ரிவெட் ஆணிகள் தலைகாட்டின. அவை உராய்ந்த இடத்தில், எஞ்சின் பக்கத்துச் சக்கரமான பிளைவீல் கோடு கோடாகக் கீறி, சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பேச்சியம்மா பிளேட்டைத் துணியில் துடைத்துத் துஷாந்திடம் நீட்டினாள்.

"சேர், ஓட்டுறப்போ இடது காலை எங்க வைப்பீங்க?"

"எங்க வைக்கிறது... கிளச் பெடல் மேலதான்."

"எப்பவுமா?"

அவர் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"மேட்டுல லொறி பின்னாடி நிக்கிறப்போ பிரேக் புடிக்காம கிளச்சுலயே காரைப் புடிச்சு வச்சிருப்பீங்க. பாதிப் பிடி, பாதி வழுக்கல். இது ஒரு நாள்ல தேஞ்சதில்ல."

"நீங்க கார் ஓட்டுவீங்களா?"

"இல்ல. தேஞ்சது எல்லாம் என் கைக்குத்தானே வருது."

பிளைவீலைக் கடைந்து சமப்படுத்த ஹட்டனில் ஒரு லேத் பட்டறை இருந்தது. துஷாந்தே அதைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போனார்.

சனிக்கிழமை பேச்சியம்மா, தோட்டத்தில் காலையில் பேர் கொடுத்து வேலை வாங்குகிற பெரட்டுக்குப் போகவில்லை. எட்டு மணிக்கே கராஜுக்கு வந்து பிளைவீலைப் பூட்டினாள். புது பிளேட்டை நடுவில் நிறுத்தப் பிளாஸ்டிக் கம்பி ஒன்று சாமான் வந்த பெட்டியில் இருந்திருக்க வேண்டும், இல்லை. பழைய கியர் பொக்ஸ் ஒன்றின் ஷாப்ட் துண்டில் டேப் சுற்றி, அளவு பார்த்து, அதையே செருகினாள். எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கினாள். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பொக்ஸைத் திருப்பி ஏற்றுவதில்தான் பிரச்சினை. அதன் முனையில் இருக்கிற பல்லுப் பல்லான ஷாப்ட், பிளேட்டின் நடுவில் உள்ள ஓட்டைக்குள் நேராகப் போய் உட்கார வேண்டும். ஜெக் தூக்கும், ஆனால் கடைசி இரண்டு அங்குலத்துக்கு ஆள்தான் தள்ள வேண்டும். முதல் தடவை பாதி போய் நின்றது. இரண்டாம் தடவை பொக்ஸின் வால் பக்கம் கீழே சாய்ந்தது; அழகுமுத்து பழக்கத்தில் வலது கையை நீட்டி, முனகிக்கொண்டு பின்வாங்கினார்.

"நீங்க தள்ளிப் போங்க!" என்று பேச்சியம்மா கத்தினாள். கத்தியதும் அழுகை வந்தது. கோபத்தில் இல்லை, சும்மா வந்தது. நெஞ்சின் மேல் பாதிப் பாரமும் ஜெக்கின் மேல் மீதியுமாகக் கிடந்தபடி கண்ணீர் காதுக்குள் ஓடுவதை அவள் உணர்ந்தாள். துடைக்கக் கை இல்லை. மூன்றாம் தடவையும் போகவில்லை.

காருக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சப்பாத்து இரண்டு தெரிந்தது. பிறகு சப்பாத்துக்காரரே தெரிந்தார். துஷாந்த் சேற்றில் முழங்கை ஊன்றி, தலையைக் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"எதைப் பிடிக்கணும், அக்கா?"

"உடுப்பு பாழாப் போயிரும் சேர்."

"போகட்டும். எதைப் பிடிக்க?"

"வாலை. தூக்காதீங்க, மட்டமா மட்டும் புடிங்க. நான் சொல்றப்போ பின்னாடி இருக்கிற ஷாப்டைக் கொஞ்சம் திருப்புங்க."

அவர் பிடித்தார். அவள் மூச்சை இழுத்துத் தள்ளினாள். "திருப்புங்க. இன்னும் கொஞ்சம். இன்னும்..." டொக்கென்று ஒரு சத்தம். பொக்ஸ் வழுக்கிக்கொண்டு போய் எஞ்சினோடு ஒட்டி நின்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து கிடந்தார்கள். மேலே தகரத்தில் மழை விழுந்தது. "இதை நீங்க தனியா செய்றீங்களா?" என்று துஷாந்த் கேட்டார். பேச்சியம்மா "போல்ட்டை எடுத்துத் தாங்க தம்பி" என்றாள்.

மற்றதெல்லாம் பூட்டி, கிளச் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி முடிக்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏதாவது சத்தம் கேட்கிறதா, அடி நடுங்குகிறதா என்று கவனிக்க வழக்கமாக அழகுமுத்துதான் போவார். அன்றைக்குத் தோள் குத்தியது. "நீ போய்ட்டு வா புள்ள. உனக்குத்தான் நல்லாக் காது கேக்கும்" என்றார்.

பேச்சியம்மா உடுப்பில் எண்ணெய் இருக்கிறது என்று தயங்கினாள். துஷாந்த் தன்னுடைய சேற்றுச் சட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டார். சீட் தரையோடு தரையாக, ஆளை அணைத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் படிந்த பனி விலக அவர் சூட்டுக் காற்றைப் போட்டார். கார் ஹட்டன் பக்கமாக மேடேறியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் இடறாமல் விழுந்தது. அவள் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள்.

கண் திறந்தபோது கார் ரோட்டோரத்தில் நின்றது. மழை விட்டிருந்தது. துஷாந்த் வெளியே நின்று போத்தல் தண்ணீரில் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்தில் ரயில் ஒன்று போனது.

"ஐயோ! எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணித்தியாலம் இருக்கும். ஹட்டன் போய்த் திரும்பியும் வந்தாச்சு. எழுப்ப மனசு வரல."

வெட்கத்தில் முந்தானையை இழுத்து வாயைத் துடைத்தாள்.

"சத்தம் ஏதும் கேட்டுச்சா, அக்கா?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கேட்டார்.

"கேட்டிருந்தா முழிச்சிருப்பேன்" என்றாள் பேச்சியம்மா. அது உண்மைதான். கியர் இரைந்தால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

துஷாந்த் அன்றைக்கே நுவரெலியாவுக்குப் போய்விட்டார். போகும்போது அழகுமுத்துவிடம் அவளைக் காட்டி, "அக்காதான் பாஸ்" என்றார். அழகுமுத்து சிரித்தார். ஆனால் கராஜ் கதவை இழுத்துப் பூட்டும்போது அவருடைய முகம் வாடியிருந்தது.

லயத்துக்கு ஏறுகிற படியில் பேச்சியம்மா நின்றாள். "என்னங்க, இனிமே கியர் பொக்ஸ் எறக்குற வேலை எடுக்காதீங்க. பிரேக், எண்ணெய், டயர், அது போதும். எனக்கு முடியல."

அவரும் படியில் நின்றார். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லல?"

"நீங்க கராஜை மூடிருவீங்கன்னுதான்."

"மூடமாட்டேன்" என்றார் அவர். "எடுக்கவும் மாட்டேன்."

அப்படித்தான் ஆயிற்று. இரண்டு வாரம் கழித்து ஒரு வேன்காரர் கிளச் மாற்ற வந்து கெஞ்சியபோதும், ஹட்டனில் வேறு கராஜைக் காட்டி அனுப்பிவிட்டார். வருமானம் குறைந்தது. பேச்சியம்மா பெரும்பாலான நாள் மலையிலிருந்து நேரே வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

ஆனால் கார் போனதற்கு அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் நிற்கும்போது அவளுக்கு இடுப்பு நிமிரவில்லை. சனிக்கிழமை ஏன் வரவில்லை என்று கங்காணி கேட்டார்.

"உடம்பு முடியலைங்க" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு மலையேறினாள்.