தொட்டிலோடு திரும்பிய படகு

காலை எட்டேகாலுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு புறப்பட்டபோது மகள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, வந்திட்டுது. வயித்து நோவில இருக்க ஏலாமக் கிடக்கு."

நயினாதீவு அம்மனுக்குத் தொட்டில் கட்டப் போய்க்கொண்டிருந்தோம். கலியாணமாகி நான்கு வருடமாகியும் மகளுக்குப் பிள்ளை இல்லை. நேர்த்திக்கடன் வைத்தவர் கரம்பொன்னில் இருக்கும் அவளது மாமி, மருமகனின் தாய். மஞ்சள் துணியில் சுற்றிய சின்ன மரத்தொட்டில் அவர் மடியில் இருந்தது. மாதவிலக்கோடு கோயிலுக்குள் போகமுடியாது. அக்கரையில் இறங்கிய கையோடு அதே படகில் திரும்பினோம். மகள் வியர்த்துப்போய்ப் பலகையில் சுருண்டு கிடந்தாள்.

"துடக்கோட படகேறினா அம்பாள் மறிப்பாதானே," என்றார் மாமி.

"இன்னும் நாள் கிடக்கெண்டுதான் வந்தவள், அக்கா."

கரைக்கு வந்ததும் மகள் மயங்கி விழுந்தாள். வாடகை வான் பிடித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஸ்கான் எடுத்துப் பார்த்த பெண் மருத்துவர் அதற்கு எண்டோமெற்றியோசிஸ் என்று பெயர் சொன்னார். கருப்பைக்குள் வளரவேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியே, முட்டை உருவாகும் சூலகத்திலும் வளர்கிறது. மாதந்தோறும் அதுவும் கசிகிறது. வெளியேற வழியில்லாத இரத்தம் கட்டியாகிறது, சுற்றியுள்ளவற்றை ஒட்டவைக்கிறது.

"கருக்குழாய் இழுபட்டு ஒட்டினா முட்டை எப்பிடிப் போய்ச் சேரும்? சின்னத் துளை போட்டு, கமரா விட்டுப் பிரிச்சுவிடலாம். நோவும் குறையும். ஆனா கட்டியை எடுக்கேக்க நல்ல முட்டையளும் கொஞ்சம் போகலாம். அதால அளவாத்தான் கைவைப்பன். பிறகு நீங்கள் காலம் கடத்தப்படாது."

"பிள்ளை கட்டாயம் தங்குமோ, டொக்டர்?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது, அம்மா. வாய்ப்பைக் கூட்டலாம். தங்காட்டி உடம்புக்கு வெளியில கருக்கட்டுற வழியும் இருக்கு."

பொய்யாக ஆறுதல் சொல்லாத அவரை நான் நம்பினேன். மாமி நம்பவில்லை.

"நேர்த்தி முடிக்காமக் கத்தி வைக்கப்படாது. முதல்ல தொட்டிலைக் கட்டுவம்."

"அம்பாள் கோவிக்கமாட்டா, அக்கா. அவவும் பெம்பிளைதானே."

"உங்களுக்குப் படிப்புக் கூடிப்போச்சு."

செய்தி கேட்டு ஓடிவந்திருந்த மருமகன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மகள்தான் கட்டிலில் இருந்து பேசினாள்.

"மாமி, என்னை முதல்ல நிமிந்து நிக்க விடுங்கோ. பிறகு நடந்தெண்டாலும் வாறன்."

"கடலுக்கு மேலாலயோ நடக்கப்போறீர்?" என்றார் மாமி. சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டு தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அறுவைச் சிகிச்சை நாளில் மாமி வரவில்லை. நானும் மருமகனும் வாசலில் காத்திருந்தோம். ஒட்டியவற்றைப் பிரித்தாயிற்று, ஒரு குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது, மற்றதை உறுதியாகச் சொல்லமுடியாது என்றார் மருத்துவர். ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டேன். இன்றும் படகு இயந்திரச் சத்தம் கேட்டால் என் முழங்கையில் அந்தப் பிடி தெரிகிறது. ஆனாலும் செய்யவேண்டியதைச் செய்தோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் பின்னேரம் மகள் மெல்ல எழுந்து யன்னல்வரை நடந்தாள். அப்போது மாமி வந்தார். சேலைக் கரையில் உப்புத்தண்ணீர் காய்ந்திருந்தது. கையில் தொட்டில் இல்லை. மருமகளின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுச் சொன்னார்:

"உம்மட பேரில நானே கட்டிப்போட்டு வாறன். அம்பாளின்ர அலுவல் முடிஞ்சுது. இனி டொக்டர் சொல்லுறதைக் கேளும், பிள்ளை. அடுத்தமுறை காட்டப் போகேக்க நானும் வாறன்."